பத்து ரூபிள் நோட்டும் கிராஸ்நோயார்ஸ்க் நகரமும்

என் இளைய மகள் சைபீரியாவில், கிராஸ்நோயார்ஸ்க் நகரத்தில் மருத்துவம் படிக்கிறாள். போன தை மாதம் பத்து நாள் அவளோடு நின்றுவிட்டு வந்தேன். எங்கள் மட்டக்களப்புக் கல்லடியில் காண்கிறவர்கள் எல்லாம் "அந்தக் குளிருக்குள்ள பார்க்க என்ன இருக்கு?" என்றுதான் கேட்கிறார்கள். நிறைய இருக்கிறது.

போய் இறங்கிய அன்றே மகள் ஒரு பழைய 10 ரூபிள் நோட்டை என் கையில் வைத்தாள். "அப்பா, இதில இருக்கிறதைப் பார்த்தாலே ஊர் பிடிபட்டிரும்." 1997ஆம் ஆண்டு நோட்டு அது. முன்பக்கத்தில் குன்றின் மேல் ஒரு சிறு தேவாலயமும் யெனிசேய் ஆற்றுப் பாலமும். பின்பக்கத்தில் அணைக்கட்டு. முப்பத்திரண்டு வருடம் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை செய்தவன் நான். அணையைத்தான் முதலில் பார்க்கவேண்டும் என்று நின்றேன்.

அதற்கு முன்பே ஆறு என்னை மறித்துவிட்டது. குளிர் மைனஸ் 27. மரம், கம்பி, மனிதரின் புருவம் எல்லாம் வெள்ளை. ஆனால் யெனிசேய் உறையவில்லை. சோற்றுப் பானை போல ஆவி பறக்க ஓடிக்கொண்டிருந்தது. காரணம் அந்த அணைதான். நீர்த்தேக்கத்தின் ஆழத்துத் தண்ணீர் கடுங்குளிரிலும் 4 பாகையளவில் நிற்கும். விசையாழிகளுக்கு எடுப்பது அந்தத் தண்ணீரை. அது வெளியே வந்து உறைவதற்குள் நகரத்தையும் தாண்டி வெகுதூரம் ஓடிவிடுகிறது. இதைப் படித்து அறிந்திருந்தேன். கரையில் நின்று அந்த ஆவி முகத்தில் படும்போது உடம்பே சிலிர்த்தது.

அணை இருப்பது திவ்னோகோர்ஸ்கில், நகரத்திலிருந்து ஆற்றின் மேற்பக்கமாக ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றரில். போகிற வழியில் ஒரு மேட்டில் இறங்கினோம். பெரிய ஸ்டர்ஜன் மீன் ஒன்று வலையைக் கிழித்துக்கொண்டு வெளியே பாய்கிற மாதிரி ஒரு சிலை. கீழே ஆறு வளைந்து போகிறது. பாடும்மீன் ஊரான மட்டக்களப்புக்காரனுக்கு அந்த இடத்தை விட்டு வர மனமே இல்லை.

அணை 124 மீற்றர் உயரம், முழுக்கக் கொங்கிரீட். 1956இல் தொடங்கி 1972இல் முடித்திருக்கிறார்கள். இலங்கையில் நம் இங்கினியாகலை அணைக்கட்டு மண்ணால் ஆனது, உயரமும் மிகக் குறைவு. ஆனால் நீளம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், ஒரு கிலோமீற்றர் சொச்சம். திவ்னோகோர்ஸ்க் அணைக்குப் பக்கத்திலே கப்பல் ஏற்றும் பாதை ஒன்று உண்டு. கப்பலைத் தண்ணீரோடு ஒரு பெருந்தொட்டிக்குள் எடுத்து, தண்டவாளத்தில் மேலே இழுத்து, மறுபக்கம் இறக்குகிறார்கள். குளிர்காலத்தில் அது ஓடாது. நாங்கள் கீழ்க்கரையில் நின்றுதான் பார்த்தோம்.

அடுத்த நாள் தேவாலயம். குன்றின் பெயருக்குக் காவல் மலை என்று அர்த்தம். பழைய காலத்தில் எதிரி வருகிறானா என்று பார்க்க அங்கே ஆள் நிறுத்தியிருந்தார்களாம். பகல் 12 மணிக்குப் பீரங்கி வெடிப்பார்கள். பதினைந்து நிமிடம் முன்னதாகப் போங்கள், முழு நகரமும் கீழே தெரியும்.

அங்கே நின்றுதான் மகள் சொன்னாள், இந்த ஊரின் முதல் கோட்டை 1628இல் கட்டியது என்று. நான் அப்படியே நின்றுவிட்டேன். மட்டக்களப்பில், புளியந்தீவில், போர்த்துக்கீசர் நம் கோட்டையைக் கட்டியதும் 1628. அவர்களுடையது மரக்கோட்டை, இன்று இல்லை. அது இருந்த முனையில், கச்சா என்ற சிற்றாறு யெனிசேயில் கலக்கும் இடத்தில், இப்போது 'புனித நிக்கலஸ்' என்ற பழைய நீராவிக் கப்பலை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 1891இல் ரஷ்யப் பட்டத்து இளவரசர் நிக்கலஸ், பிறகு கடைசிச் சக்கரவர்த்தி ஆனவர், அதில் பயணம் செய்தார். அதே நீண்ட பயணத்தில் அவர் நம் இலங்கைக்கும் வந்து போனவர். ஆறு வருடம் கழித்து, 1897இல், அதே கப்பலில் நாடுகடத்தப்பட்டவராகப் போனவர் புரட்சித் தலைவர் லெனின். அந்த மரத்தளத்தில் நடந்தபோது இரண்டு பேரையும் நினைத்துக்கொண்டே நடந்தேன்.

பிராந்திய அருங்காட்சியகத்துக்கும் அரை நாள் ஒதுக்குங்கள். பனிநாட்டில் எகிப்தியக் கோயில் வடிவில் ஒரு கட்டடம்! வடக்குப் பழங்குடிகளின் பூசாரி உடுப்புகளை நின்று பார்க்கவேண்டும். உலோகத் தொங்கல்கள் வைத்துத் தைத்தவை.

ஸ்டோல்பி என்ற பாறைக் காட்டை நான் முழுதாகப் பார்க்கவில்லை. முதல் பாறைக்கே ஏழு கிலோமீற்றர் நடை. கொழும்பில் ஒரு கடையில் பனிக்கென்று சொல்லித் தந்த சப்பாத்து வழுக்கிக்கொண்டே இருந்தது, பாதியில் திரும்பினோம். சப்பாத்தை அங்கேயே வாங்குங்கள். வாலெங்கி என்ற கம்பளிச் சப்பாத்து போட்ட பிறகு எனக்குக் கால் குளிரவே இல்லை.

மனைவி வருகிற ஆடியில் போகிறாள். அப்போது ஆற்றில் படகு ஓடும். நோட்டை மகளிடமே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.