கூடைப்பந்துப் பயிற்சி வகுப்பு: எட்டு மாதம் கழித்து எழுதுகிறேன்

என் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். காலேஜ் டீமில் இருக்கிறாள், ஆனால் முதல் வருடம் முழுக்க பெஞ்ச்தான். நன்றாக ஓடுவாள், டிஃபென்ஸில் யாரையும் சுலபமாகத் தாண்ட விடமாட்டாள், ஷூட்டிங் மட்டும் வராது. ஒரு மேட்ச்சில் கடைசி நேரத்தில் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் (ஃபவுலுக்குப் பதிலாக, யாரும் தடுக்காமல் கூடையில் போடக் கிடைக்கும் வாய்ப்பு) தவறவிட்டுவிட்டு வந்து, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம்தான் இந்த வகுப்பில் சேர்த்தோம். மாதம் 2,500 ரூபாய், வாரம் நான்கு நாள், காலை 5:45 முதல் 7:15 வரை.

முதல் மூன்று மாதம் அவள் ஆட்டம் இன்னும் மோசமானது. இதைத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

காரணம் இருக்கிறது. முதல் நாளே பயிற்சி கொடுக்கும் மேடம் நாங்கள் கொண்டுபோன பந்தை வாங்கிப் பார்த்தார். 7ஆம் நம்பர். அது ஆண்கள் ஆடும் பந்து. பெண்களுக்கு 6ஆம் நம்பர்தான், சுற்றளவு ஓர் அங்குலம் குறைவு, எடையும் குறைவு. கடையில் கொடுத்ததை வாங்கி வந்துவிட்டோம், பள்ளி நாளிலிருந்து வீட்டில் அதில்தான் போட்டுப் பழகியிருக்கிறாள். கனமான பந்து என்பதால் இரண்டு கையாலும் மார்பிலிருந்து தள்ளியே பழக்கம். அதை ஒற்றைக் கை ஷாட்டாக மாற்ற மூன்று வாரம் கூடைக்கு நேர் கீழேயே நிற்க வைத்தார்கள். மேட்ச்சில் அவசரத்தில் பழைய பழக்கம் பாதி, புதியது பாதி என்று வந்து எதுவுமே விழவில்லை. காலேஜ் கோச் என்ன ஆச்சு என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். பணத்தை வீணாக்குகிறோமோ என்று பயந்து நான் போய்க் கேட்டபோது மேடம் சொன்னது: “தீபாவளி வரைக்கும் ஸ்கோரைப் பார்க்காதீங்கம்மா. கை எப்படி மேலே போகுதுன்னு மட்டும் பாருங்க.”

ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை உட்கார வைத்து ரேவன் ஜான்சன் ஆடிய வீடியோக்களைக் காட்டியிருக்கிறார். அமெரிக்காவில் சவுத் கரோலினா பல்கலைக்கழக அணியில் கார்டாக (பந்தை எடுத்துச் சென்று ஆட்டத்தை நடத்துபவர்) ஆடியவர். முதல் வருடமே முழங்கால் லிகமென்ட் கிழிந்து சீசன் போய்விட்டது. 2023இல் அமெரிக்கக் கல்லூரி அணிகளுக்கான தேசியப் போட்டியின் அரையிறுதியில் அயோவா அணியின் கெய்ட்லின் கிளார்க், இவள் போட்டால் விழாது என்பது போல் கையை ஆட்டிவிட்டு ரேவனைத் தடுக்காமல் தனியாக விட்டுவிட்டார். அந்தக் காட்சி உலகமெல்லாம் பரவியது, மேட்ச்சிலும் 77-73 என்று ரேவன் அணி தோற்றது. விளையாட்டையே விட்டுவிடலாமா என்று நினைத்ததாக அவரே பிறகு சொல்லியிருக்கிறார். ஆனால் கோச் டான் ஸ்டேலி அவரை ஓரங்கட்டவில்லை, அடுத்த சீசனில் முதல் ஐந்து பேரில் ஒருவராக இறக்கினார். 2024 இறுதிப் போட்டியில் அதே அயோவாவை 87-75 என்று வென்றார்கள், அந்த சீசனில் ஒரு தோல்வி கூட இல்லை. அன்றைக்கு ரேவன் புள்ளிகள் பெரிதாக எடுக்கவில்லை, கிளார்க்கை விடாமல் மடக்கியதுதான் அவர் வேலை. என் மகள் இதை வீட்டில் நாலு தடவை சொன்னாள். தன்னிடம் இருக்கிற டிஃபென்ஸுக்கும் மதிப்பு உண்டு என்று அன்றைக்குத்தான் அவளுக்குப் பட்டிருக்க வேண்டும்.

இன்னொரு நல்ல விஷயம், தினமும் கால் மணி நேரம் குதித்து இறங்கும் பயிற்சி. முட்டி உள்பக்கம் சாயாமல் இறங்கப் பழக்குகிறார்கள். முழங்கால் லிகமென்ட் கிழிவது பெண்களுக்கு அதிகம் என்பதால் இது ரொம்ப முக்கியம். இதற்கு முன் சேர்த்த இடத்தில் “30 நாளில் ஷூட்டர்” என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள், இதைப் பற்றிப் பேச்சே இல்லை.

குறைகளும் உண்டு. கோடை விடுமுறையில் இருபதுக்கும் மேல் பிள்ளைகளைச் சேர்த்துவிட்டார்கள், இருப்பது இரண்டே கூடை, வரிசையில் நிற்பதிலேயே பாதி நேரம் போனது. செமஸ்டர் பரீட்சைக்குப் போகாத நாட்களுக்குக் கட்டணத்தைக் குறைக்கவில்லை. பெண்கள் கழிப்பறைத் தாழ்ப்பாளை இரண்டு முறை சொல்லியும் சரி செய்யவில்லை, பெண்களுக்கான வகுப்பில் இதை விட்டுவைக்கக் கூடாது.

வகுப்பு முடிந்ததும் 50 ஃப்ரீ த்ரோ போட்டு நோட்டில் எழுதுகிறாள். ஆரம்பத்தில் 17, 18 விழும். இப்போது 33க்குக் கீழே போவதில்லை. காலேஜ் டீமில் இன்னும் சப்ஸ்டிட்யூட்தான், ஒரு மேட்ச்சுக்கு எட்டு, பத்து நிமிடம் இறக்குகிறார்கள். போன வாரம் கடைசி குவார்ட்டரில் ஃப்ரீ த்ரோ லைனில் நின்றாள், ஒன்று விழுந்தது, ஒன்று விழவில்லை. வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டாள். அடுத்த மூன்று மாதத்துக்கும் கட்டணம் கட்டிவிட்டேன்.