13 அங்குல எம்-லாக் ஹேண்ட்கார்டு: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

உறுப்பு உறுப்பாகத் தேர்ந்தெடுத்து நானே சேர்த்துக் கட்டிய ஏஆர்-15 வகை ரைஃபிளில், குறைவாக யோசித்து வாங்கியதும் அதிக நேரம் என்னைப் படுத்தியதும் ஹேண்ட்கார்டுதான். குண்டு பாயும் குழலான பேரலுக்கும் ட்ரிகருக்கும் வாரக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்த நான், பேரலைச் சுற்றி, முன்கையால் பிடிக்கும் இடமாக நிற்கும் இந்த அலுமினியக் கூட்டை எடையையும் தோற்றத்தையும் மட்டும் பார்த்து வாங்கினேன். 16 அங்குலப் பேரலுக்கு 13 அங்குல நீளம், பக்கங்களில் துணைப்பொருள்களைப் பூட்டும் எம்-லாக் துளைகள், மேற்புறம் முழுவதும் அதே வேலைக்காகப் பள்ளம் பள்ளமாக வெட்டிய பிக்கட்டினி ரெயில், கையில் எடுத்தால் காலிக் குழாய் போன்ற இலேசு. ஹேண்ட்கார்டின் குழாயைப் பொறுத்தவரை இன்றும் எனக்குக் குறையில்லை. பேரலைத் துப்பாக்கியின் உடலான ரிசீவரோடு பூட்டும் பேரல் நட்டை அது பற்றிக்கொள்ளும் விதத்தில்தான் குறை இருந்தது.

பழைய ஹேண்ட்கார்டுகள் இரண்டு பாதிகளாக வரும். பின்புறம் சுருள்வில் வைத்த டெல்டா வளையமும், முன்புறம் பேரலின் மீதே அமர்ந்த ஒரு மூடியும் அவற்றைப் பிடித்திருக்கும். முன் நுனி பேரலைத் தொடுவதால், பையின் மீது சாய்த்தாலும் வாரை இழுத்துப் பிடித்தாலும் அந்த விசை பேரலுக்குப் போய், குண்டு விழும் இடம் சற்று நகரும். ஃப்ரீ ஃப்ளோட் எனப்படும் இன்றைய வகை பேரலை எங்குமே தொடாமல், ரிசீவரை ஒட்டிய பேரல் நட்டை மட்டும் பற்றி நிற்கிறது. துல்லியத்துக்கு இது பெரும் நன்மை. ஆனால் 13 அங்குல நெம்புகோல் ஒன்றை இரண்டு அங்குலத்துக்கும் குறைவான பிடியில் நிறுத்துகிறோம் என்பதும் இதற்குள் இருக்கிறது. ஆகவே ஹேண்ட்கார்டு வாங்குபவர் முதலில் புரட்டிப் பார்க்க வேண்டியது அதன் பின்பக்கத்தைத்தான்: கிளாம்ப் எவ்வளவு நீளம், எத்தனை திருகுகள், சுழலாமல் தடுக்க ரிசீவரின் இருபுறமும் அணையும் காதுகள் உண்டா, நட்டு எஃகா அலுமினியமா. விளம்பரப் படங்கள் பெரும்பாலும் முன்பக்கத்தையே காட்டுகின்றன.

நீளத்தில் நான் தவறவில்லை. பேரலின் நீளம், ரிசீவருக்குள் தோட்டாவின் பின்புறத்தை அணைத்து நிற்கும் போல்ட்டின் முகத்திலிருந்து அளக்கப்படுவதால், 16 அங்குலப் பேரல் ரிசீவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது 16 அங்குலத்துக்குக் குறைவாகவே. அதன் மீது 15 அங்குல ஹேண்ட்கார்டு வைத்தால் முன் நுனி, பேரல் முனையில் உதைப்பைக் குறைக்கும் மசில் பிரேக்கின் அடியை எட்டிவிடும், ஸ்பேனர் நுழைய இடமிருக்காது. 13 அங்குலத்தில் அந்தத் தொல்லை இல்லை, கையை முழுதாக நீட்டிப் பிடிப்பதற்கும் இடம் போதும். என் பேரலில் மிட்-லெங்த் (நடுத்தர நீள) கேஸ் அமைப்பு என்பதால், பேரலிலிருந்து வெடிவாயுவை எடுக்கும் கேஸ் பிளாக் ஹேண்ட்கார்டுக்கு உள்ளேயே அடங்க வேண்டும். தாழ்ந்த உருவம் கொண்ட கேஸ் பிளாக்கைப் போட்டிருந்தேன், உட்சுவருக்கும் அதற்கும் நடுவே தாராளமாக இடைவெளி கிடைத்தது. முன்குறி பொருத்திய முக்கோணக் கேஸ் பிளாக் பேரலோடு ஆணியடித்து வந்திருந்தால் இந்த நீளம் உள்ளேயே போகாது. வாங்கிய பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு.

துளைகளைப் பற்றி நீண்ட விவாதம் இனித் தேவையில்லை. 1995-இல் அமெரிக்க ராணுவத் தரமாக்கப்பட்ட பிக்கட்டினி ரெயிலில் ஒவ்வொரு பள்ளமும் 5.23 மில்லிமீட்டர் அகலம், பள்ளத்துக்குப் பள்ளம் 10.01 மில்லிமீட்டர். நாற்புறமும் அதையே ஓட்டினால் எடை கூடும், கையுறை இல்லாமல் பிடிக்கவும் முடியாது. அதற்கு மாற்றாக 2012-இல் கீமாட் என்ற துளை வகையும் 2014-இல் எம்-லாக்கும் வந்தன. அமெரிக்கச் சிறப்புப் படைகளுக்காகக் கடற்படையின் கிரேன் மையம் இரண்டையும் சோதித்த அறிக்கை 2017-இல் வெளியானது. கழற்றி மாட்டினால் அதே இடத்துக்குத் திரும்புவதிலும், உடையும் முன் தாங்கும் சுமையிலும் எம்-லாக் முந்தியது. துணைப்பொருள் சந்தையும் அந்தப் பக்கமே சாய்ந்துவிட்டது. இந்த ஹேண்ட்கார்டின் துளை விளிம்புகள் சுத்தமாகக் கடையப்பட்டு, துணைப்பொருளைப் பிடிக்கும் டி-நட்டு தொண்ணூறு பாகை திரும்பி இறுகும்போது எங்கும் சிக்கவில்லை. தரச் சோதனையில் இந்தப் பகுதிக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

பொருத்தும் வேலைக்கு வருவோம். மேகசினை எடுத்து, தோட்டா அமரும் சேம்பர் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, மேற்பாகத்தைத் தனியே கழற்றிய பிறகே மேசைக்குக் கொண்டுவந்தேன். உரிமம் கோரும் ஊரில் இருப்பவர்கள் இதை உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளியிடம் விடுவதே முறை. அப்பர் ரிசீவரை அதற்குரிய பிளாக்கில் வைத்து வைஸில் பிடிக்க வேண்டும். வெறும் வைஸில் இறுக்கினால் ரிசீவர் முறுக்கிக்கொள்ளும். நட்டின் மரைக்கு மாலிப்டினம் கிரீஸ் தடவினேன். கிராஃபைட் கலந்த கிரீஸ் ஆகாது, அலுமினியமும் எஃகும் சேரும் இடத்தில் அது அரிப்பைத் தூண்டும். வழக்கமான பேரல் நட்டுக்கு 30 முதல் 80 அடி-பவுண்டு முறுக்கு வரை என்ற பெரிய இடைவெளி அனுமதிக்கப்படுவதே, வாயுவைப் பின்னே கொண்டுபோகும் கேஸ் டியூப் நுழையும் துளை நட்டின் பற்களுக்கு நடுவே நேராக வந்து நிற்க வேண்டும் என்பதற்காகத்தான். இந்த ஹேண்ட்கார்டோடு வந்த தனி நட்டுக்கு அப்படிப் பல் பார்த்து நிறுத்தும் வேலையே இல்லை. முதல் முறை செய்பவருக்கு அது பாதிச் சுமையைக் குறைக்கும். மூன்று முறை இறுக்கித் தளர்த்தி மரைகளைப் படியவைத்து, நான்காம் முறை முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சில் இறுதி அளவுக்கு நிறுத்தினேன்.

ஹேண்ட்கார்டை நுழைத்து, ரிசீவரின் ரெயிலும் அதன் ரெயிலும் சேரும் இடத்தில் எஃகு அளவுகோலை வைத்துப் பின்னால் விளக்கைப் பிடித்தபோது, இடப்பக்கம் முடி அளவுக்கு ஒளி கசிந்தது. திருகுகளைத் தளர்த்தி, திருப்பி, மறுபடி இறுக்கினேன். கடைசித் திருகு இறுகும் தறுவாயில் குழாய் மீண்டும் அதே பக்கம் ஒரு சிறு அளவு திரும்பிக்கொண்டது. சுழல்வதைத் தடுக்கும் காதுகள் இருந்தன, ஆனால் அவற்றுக்கும் ரிசீவருக்கும் இடையே ஒரு தாள் நுழையும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். சரி, கண்ணுக்குத் தெரியாத அளவுதானே என்று விட்டுவிட்டு, நட்டுக்கும் குழாய்க்கும் குறுக்கே வெள்ளைப் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு மட்டும் போட்டு வைத்தேன். இருநூறு தோட்டாக்களுக்குப் பிறகு அந்தக் கோடு இரண்டாக உடைந்து, அரை மில்லிமீட்டர் விலகி நின்றது. கழற்றிப் பார்த்தால் கிளாம்பின் உட்புறத்தில் கறுப்பு அனோடைஸ் பூச்சு தேய்ந்து, வெள்ளியாய் ஒரு பிறை.

காரணம் கற்பனைக்கு எட்டாத ஒன்றல்ல. கிளாம்ப் அலுமினியம், நட்டு எஃகு. சூடேறினால் அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். குளிர்ந்த நிலையில் சரியாக இறுகிய பிடி, பேரல் கொதிக்கும்போது தளர்கிறது, அந்த நேரம் பார்த்து இருகால் தாங்கியின் மீது சாய்ந்தால் குழாய் வழுக்குகிறது. குறிநோக்கியை ரிசீவரின் மீதே பொருத்தியிருப்பவருக்கு இதனால் ஒன்றும் குடிமுழுகாது. ஹேண்ட்கார்டின் முன் நுனியில் மடக்கும் முன்குறியை வைத்திருப்பவருக்கு அரை மில்லிமீட்டர் என்பது 100 மீட்டரில் சென்டிமீட்டர் கணக்கில் குறி விலகும் விஷயம்.

தயாரிப்பாளருக்குப் படங்களோடு எழுதினேன். முதல் பதிலில் திருகுகளை இன்னும் இறுக்கச் சொன்னார்கள், அதாவது அலுமினிய மரையைப் பிய்த்துக்கொள்ளச் சொன்னார்கள். இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு, வெளிவட்டம் சற்றுப் பெரிதாகக் கடைந்த வேறு நட்டு ஒன்றைப் பணம் வாங்காமல் அனுப்பினார்கள்; அப்படி ஒரு நட்டு தயாராகவே இருந்தது என்றால் இந்தக் குறை அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். புதிய நட்டில் குழாயைக் கையால் தள்ள முடியவில்லை, ரப்பர் சுத்தியலால் தட்டித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. காதுகளின் இடைவெளியை மெல்லிய எஃகுத் தகடு வைத்து நானே அடைத்தேன். கிளாம்புத் திருகுகளின் எண்ணெய்ப் பசையை ஸ்பிரிட்டில் துடைத்து, திருகு தளராமல் பிடிக்கும் நீல நிறத் த்ரெட்லாக்கர் ஒரு சொட்டு வைத்து, ஒரு பக்கமாக முடித்துவிடாமல் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கினேன்.

அதன் பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டாக்கள் போய்விட்டன. பெயிண்டுக் கோடு உடையவில்லை. எடையையும் துளைகளையும் பார்த்து இதை வாங்க நினைப்பவர்கள் வாங்கலாம், ஆனால் ஆர்டர் போடும்போதே பெரிய நட்டைக் கேட்டு வாங்குங்கள், பெட்டியில் வரும் நட்டை நம்பிப் பேரலைப் பூட்டிவிடாதீர்கள். மாற்றுவதென்றால் கேஸ் பிளாக் வரை எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டியிருக்கும்.