ஆர்டர் கொடுத்து வரைந்து வாங்கிய ஓவியம்: விலைப்பட்டியலோடு சேர்த்து ஒரு விமர்சனம்

அச்சகத்தில் எஸ்டிமேட் போடுவது என் வேலை. தாள், பிளேட், மை, கூலி, கழிவு என்று பிரித்துப் பிரித்தே கணக்குப் போட்டுப் பழகியதால், யார் கொட்டேஷன் கொடுத்தாலும் அடியில் இருக்கும் மொத்தத் தொகையை விட்டுவிட்டு மேலே உள்ள வரிகளைத்தான் முதலில் படிப்பேன். ஓவியர் ஒருவரிடம் அப்பாவை ஆயில் பெயின்ட்டில் வரைந்து தரச் சொல்லி வாங்கினேன். அதற்கு முன்பே, அவர் தாமாக வரைந்து வைத்திருந்த சிறிய ஓவியம் ஒன்றையும் வாங்கியிருந்தேன். இரண்டையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். படம் எப்படி வந்தது என்பதையும் சொல்கிறேன், ஆனால் அதிகம் எழுதப்போவது விலையைப் பற்றி. ஓவியம் வாங்க ஆசைப்படும் பலர் தயங்கி நின்றுவிடும் இடம் அதுதான்.

முதலில் படம். 20க்கு 24 அங்குலம், லினன் கேன்வாஸ். அப்பா ரேடியோ ரிப்பேர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, சால்டரிங் அயர்னைப் பிடித்தபடி குனிந்திருக்கிறார். நான் கொடுத்த பழைய புகைப்படங்கள் எதிலும் கைகள் தெளிவாக இல்லை. ஓவியர் அதைக் கவனித்து, கைகளை மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் புதிதாகப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். முகம் ஒத்துப்போவதை எதிர்பார்த்திருந்தேன். அந்தக் கைகள் அப்படியே வரும் என்று எதிர்பார்க்கவில்லை. "கட்டைவிரலை இப்படித்தான் மடிச்சு வெச்சுக்குவார்" என்று அம்மா பார்த்த உடனே சொன்னார். பின்னணியில் இருக்கும் ஸ்க்ரூ டப்பாக்கள் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கின்றன. பார்வை கைகளுக்குப் போகவேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே அப்படி விட்டிருக்கிறார், சரியான முடிவு.

இனி விலை. பல ஓவியர்கள் "விலைக்குத் தொடர்பு கொள்ளவும்" என்பதோடு நிறுத்திவிடுவார்கள். கேட்பவர் யார், என்ன உடுத்தியிருக்கிறார் என்று பார்த்து விலை சொல்வார்களோ என்ற சந்தேகம் வாங்குபவருக்கு அங்கேயே வந்துவிடுகிறது. இவர் அளவுவாரியாகப் பட்டியலே வைத்திருக்கிறார். அடிப்படை, சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்ற கணக்கு. ஓவியர்களிடையே பரவலாக இருக்கும் முறைதான், ஆனால் அதை அப்படியே பின்பற்றினால் ஒரு சிக்கல் உண்டு. 8க்கு 10 அங்குலப் படம் 80 சதுர அங்குலம், 20க்கு 24 என்றால் 480. பரப்பு ஆறு மடங்கு, ஆகவே விலையும் ஆறு மடங்கு. பெரிய படத்தில் உண்மையில் ஆறு மடங்கு வேலை இருப்பதில்லை. சின்னப் படமோ, அதிலும் ஒரு முழு முகம் வரையவேண்டியிருக்கும்போது, அடிமாட்டு விலைக்குப் போய்விடுகிறது. இதைத் தவிர்க்கச் சிலர் நீளத்தையும் அகலத்தையும் பெருக்காமல் கூட்டுகிறார்கள். அப்போது 8+10 = 18, 20+24 = 44, அதாவது ஏறக்குறைய இரண்டரை மடங்குதான் வித்தியாசம் வரும். அதில் பெரிய படம் மலிவாகிவிடுகிறது. இவர் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி வைத்திருக்கிறார்: சதுர அங்குலக் கணக்குதான், ஆனால் அளவு கூடக்கூட அங்குலத்துக்கான விலை படிப்படியாக இறங்கும். அச்சில் ஆயிரம் பிரதிக்கும் பத்தாயிரம் பிரதிக்கும் ஒரே பிரதி விலை போடமாட்டோம் என்பதால், இந்தக் கணக்கு எனக்குப் பார்த்தவுடன் புரிந்தது.

என் கண் நின்ற வரி பொருள் செலவு. கேன்வாஸ், அதை இழுத்துக் கட்டும் ஸ்ட்ரெச்சர் சட்டம், பெயின்ட், வார்னிஷ் எல்லாவற்றின் அடக்க விலையையும் கூட்டி, இரண்டால் பெருக்கியிருந்தார். ஏன் என்று கேட்டு எழுதினேன். அவர் சொன்ன காரணம் இது: காலரி (ஓவியங்களைக் காட்சிக்கு வைத்து விற்கும் இடம்) வழியாக விற்றால் விற்கும் விலையில் 40 முதல் 50 சதவீதம் காலரியின் கமிஷனாகப் போவது பரவலான வழக்கம். பொருள் செலவை வாங்கிய விலைக்கே சேர்த்தால் அதிலும் பாதி கமிஷனில் கரைந்துவிடும், கேன்வாஸ் வாங்கிய காசில் பாதி ஓவியரின் கைநஷ்டம். இரட்டித்துப் போட்டால்தான் பாதி போன பிறகும் போட்ட காசு கைக்கு வரும். நான் காலரி வழியாக வரவில்லையே, நேராக உங்களிடம்தானே வாங்குகிறேன் என்று திரும்பக் கேட்டேன். இந்த விமர்சனத்தில் முக்கியமாகச் சொல்லவேண்டியது அதற்கு அவர் கொடுத்த பதிலைத்தான். எங்கே வாங்கினாலும் ஒரே விலை என்றார். வீட்டில் குறைத்துக் கொடுத்தால் காலரியில் முழு விலை கொடுத்து வாங்கியவரை ஏமாற்றியதாக ஆகும், காலரியும் அடுத்த முறை அவர் படத்தைச் சுவரில் மாட்டாது. தவிர, நேரடியாக விற்கும்போது காலரி செய்யும் வேலை எங்கும் மறைந்துபோவதில்லை. எனக்குப் பதில் எழுதியது, பில் போட்டது, படத்தைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பியது எல்லாம் அவர்தான், அந்த நேரத்துக்கும் கூலி உண்டு. இதைக் கேட்ட பிறகு பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை.

எத்தனை மணி நேரம் என்ற வரி கொட்டேஷனில் எங்கும் இல்லை. எஸ்டிமேட் போடுபவன் முதலில் தேடுவது அதைத்தான். யோசித்துப் பார்த்தால், மணிக்கணக்கில் விலை வைப்பது கை தேர்ந்தவருக்குக் கொடுக்கும் தண்டனை. கற்றுக்கொள்பவர் நாற்பது மணி நேரம் தடவும் ஒரு கன்னத்தை, தேர்ந்தவர் ஒரு மதியத்தில் முடித்துவிடுவார். மணிக்கணக்கு என்றால் தேர்ந்தவருக்குக் கிடைப்பது குறைவு. இந்தக் கேள்வி ஒருமுறை நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது. ஓவியர் விஸ்லர் ஒரு ஓவியத்துக்கு 200 கினி (அன்றைய ஆங்கிலேயப் பணக் கணக்கு) விலை வைத்ததை விமர்சகர் ரஸ்கின் கடுமையாகத் தாக்கி எழுத, விஸ்லர் அவதூறு வழக்குப் போட்டார். 1878இல் லண்டனில் விசாரணை. இரண்டு நாள் வேலைக்கா இந்த விலை என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மடக்க, வாழ்நாள் முழுவதும் சேர்த்த அறிவுக்காகக் கேட்கும் விலை என்று விஸ்லர் பதில் சொன்னார். வழக்கில் வென்றார். ஆனால் நஷ்டஈடாகக் கிடைத்தது ஒரே ஒரு ஃபார்திங், அன்றைய மிகச் சிறிய காசு. செலவு தாங்காமல் அடுத்த ஆண்டே திவாலானார். அவர் சொன்னது மட்டும் இன்றும் செல்லுபடியாகிறது. எங்கள் மெஷின் ஆபரேட்டர் காதால் கேட்டே ரோலர் கோளாறைக் கண்டுபிடிப்பார். அந்த நொடிக்கு நாங்கள் கூலி கணக்கிடுவதில்லை, அவரை வைத்திருப்பதற்குத்தான் சம்பளம்.

அவர் தாமாக வரைந்த ஓவியத்துக்கும் ஆர்டர் ஓவியத்துக்கும் ஒரே விலை இல்லை. ஆர்டர் என்றால் அதே அளவுக்கு 20 சதவீதம் கூடுதல். தயாராக இருக்கும் படத்தை வாங்கும்போது எனக்குப் பிடித்தால் வாங்குகிறேன், இல்லையென்றால் வேறொருவர் வாங்குவார். என் அப்பா படத்தை நான் வேண்டாம் என்றால் அதை யாரும் வாங்கப்போவதில்லை. அந்த ஆபத்து, புகைப்படங்களைத் தேர்ந்தெடுப்பது, மாதிரி ஸ்கெட்ச், திருத்தங்கள் எல்லாம் அந்த 20க்குள் அடக்கம். கூடுதலாக இன்னொரு உருவம் சேர்ந்தால் பாதிக்குப் பாதி விலை ஏறும். 17ஆம் நூற்றாண்டு இத்தாலியில் ஓவியர் குவெர்ச்சினோவும் இப்படித்தான் உருவக் கணக்கில் விலை வைத்தார், முழு உருவத்துக்கு ஒன்று, அரை உருவத்துக்கு அதில் பாதி, தலைக்கு மட்டும் கால் பங்கு. அம்மாவையும் சேர்த்து வரையலாமா என்று நான் யோசித்தபோது, மேசையை மறைக்காமல் இரண்டு பேர் இந்த அளவுக்குள் அடங்கமாட்டார்கள் என்று அவரே தடுத்தார். விலை ஏறும் வாய்ப்பை அவரே விட்டுக்கொடுத்தார்.

பணத்தை மூன்று பங்காக வாங்கினார். தேதி குறிக்கும்போது ஒரு பங்கு, ஸ்கெட்ச் சரி என்று நான் ஒப்புக்கொண்டதும் ஒரு பங்கு, முடிந்த படத்தின் புகைப்படத்தைப் பார்த்து அனுப்பச் சொன்னதும் மீதி. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் உருவப்பட ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் முதல் அமர்விலேயே பாதியை வாங்கிக்கொள்வாராம். அதோடு பார்த்தால் இது வாங்குபவருக்குச் சாதகமான ஏற்பாடு. ஸ்கெட்ச் நிலையில் இரண்டு முறை திருத்தம் இலவசம். பெயின்ட் ஏறிய பிறகு சின்னச் சின்ன மாற்றங்கள் மட்டும். நடுவில் நிறுத்தினால் அதுவரை கொடுத்த பணம் திரும்பாது, படமும் அவருக்கே. கறாராகத் தோன்றலாம். பிளேட் போட்ட பிறகு ஆர்டரை ரத்து செய்த வாடிக்கையாளர்களைப் பார்த்த எனக்கு இதில் ஒரு வரிகூட அதிகமாகத் தெரியவில்லை.

பெயின்ட்டைப் பற்றியும் கொட்டேஷனோடு ஒரு தனித் தாள் வந்தது. எந்தெந்த நிறமிகள், வெளிச்சத்தில் எவ்வளவு நிலைத்து நிற்கும் என்ற தரம், எல்லாம் எழுதியிருந்தார். காவி மண் நிறங்கள் மலிவு. கோபால்ட், காட்மியம் சேர்ந்தவை அதே டியூப் அளவுக்குப் பல மடங்கு விலை. மலிவான மாற்று நிறமிகளில் சில வெளிச்சம் பட்டு வெளுத்துவிடும். வாங்குபவர் இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்வது புதிதும் அல்ல. 1485இல் ஃபிளாரன்ஸில் ஓவியர் கிர்லாந்தாயோ செய்துகொண்ட ஒப்பந்தத்தில் நீலம் அவுன்ஸுக்குச் சுமார் நான்கு ஃப்ளோரின் (அன்றைய தங்க நாணயம்) மதிப்புள்ள, அல்ட்ராமெரின் என்ற விலை உயர்ந்த நீல நிறமியாக இருக்கவேண்டும் என்று நிபந்தனை உண்டு. மொத்த விலை 115 ஃப்ளோரின், அதற்குள் எல்லாப் பொருளும் அவர் செலவு. படம் முடிந்த பிறகு அந்த விலை பெறுமா என்று தீர்மானிக்கும் உரிமையும் ஓவியரிடம் இல்லை, ஒப்பந்தத்தை எழுதிய துறவியிடம் இருந்தது. அந்தக் கடைசி நிபந்தனையைப் படித்தபோது கிர்லாந்தாயோவுக்காக எனக்குக் கோபம் வந்தது. இன்றைய ஓவியர்கள் விலையை முன்கூட்டியே எழுத்தில் உறுதி செய்துகொள்கிறார்கள். நியாயம் அதுதான்.

நான் வாங்கிய சிறிய படம் பற்றி ஒரு விஷயம். அதே வரிசையில் இருந்த இன்னொரு படம், மழைக்கு முன்பு இருண்ட ஒரு குளம், எனக்கு அதைவிடப் பிடித்திருந்தது. அது அவருக்கும் மிகவும் பிடித்த படம். ஆசை அதிகம் என்பதற்காக விலையைக் கூட்டி வைக்கவில்லை, விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார். ஒரே அளவில், ஒரே மாதிரிப் படங்களுக்கு மனம்போன போக்கில் வெவ்வேறு விலை இருந்தால், மலிவான படத்தை வாங்கியவருக்கு மட்டமானது தன் தலையில் கட்டப்பட்டதோ என்ற எண்ணம் வரும். அந்த எண்ணம் எனக்கு வரவே இல்லை.

குறைகளும் உண்டு. பேக்கிங், அனுப்பும் செலவு, வழியில் சேதமானால் காப்பீடு ஆகிய மூன்றும் கொட்டேஷனில் இல்லை. கடைசிப் பங்கு கேட்கும்போதுதான் வந்தது. தொகை பெரிதில்லை, ஆனால் அவ்வளவு தெளிவான தாளில் அது விடுபட்டது உறுத்தியது. ஃப்ரேம் சேர்க்கவில்லை என்பதையும் முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாம். மூன்றாவது, காப்புரிமை பற்றிய பகுதி குழப்பமாக இருக்கிறது. படத்தை வாங்கினால் பெரும்பாலும் அந்தப் பொருள்தான் நம்முடையது, நகலெடுக்கும் உரிமை ஓவியரிடமே இருக்கும். ஆனால் பணம் கொடுத்து வரையச் சொன்ன உருவப்படத்துக்குச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அப்பாவின் எழுபதாவது பிறந்தநாள் அழைப்பிதழில் இந்தப் படத்தை அச்சிடலாமா என்று நான் தனியாகக் கேட்டு எழுதித்தான் அனுமதி வாங்கினேன். தாராளமாகக் கொடுத்தார், கட்டணமும் கேட்கவில்லை. அதையே தாளில் இரண்டு வரியாக எழுதிவிட்டால் அடுத்தவருக்கு இந்த அலைச்சல் இருக்காது.

வார்னிஷ் விஷயத்தில் பொறுமை வேண்டும். ஆயில் பெயின்ட் தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே காய மாதக்கணக்கில் ஆகும். அதனால் இறுதி வார்னிஷை ஆறு மாதம் முதல் ஒரு வருடம் கழித்துத்தான் அடிப்பது வழக்கம். அதற்கான கூலியும் விலைக்குள்ளேயே அடக்கம், படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும்.

இவரிடமோ வேறு எவரிடமோ விலை கேட்டு எழுதுவதாக இருந்தால், படத்தின் அளவு, எத்தனை உருவம், பின்னணி வேண்டுமா, எந்தத் தேதிக்குள், வீட்டுச் சுவருக்கு மட்டுமா, அச்சிலும் வருமா என்பதையெல்லாம் முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். அச்சுக்கு என்றால் அதற்குப் பெரும்பாலும் உரிமக் கட்டணம் தனி. அனுப்பும் செலவையும் ஃப்ரேமையும் சேர்த்துத்தான் கொட்டேஷன் வேண்டும் என்று கேளுங்கள். இவர் கொடுக்கும் விலை அறுபது நாள் வரை மாறாது. ஆண்டுக்கு ஒருமுறை, முன்கூட்டியே அறிவித்துவிட்டு, கொஞ்சமாக ஏற்றுகிறார், இறக்குவதே இல்லை. இப்போது காத்திருப்போர் வரிசை நீளம். அம்மாவின் படத்துக்காக அதில் என் பெயரும் இருக்கிறது.