விளைபொருளை ஊகிக்கப் பழக்குவது: வாய்பாடா, அயனா, ஆணியா?

மட்டக்களப்பு ரியூசன் வகுப்புகளில் சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு, இரசாயனத் தாக்கத்தில் என்ன விளைபொருள் வரும் என்று ஊகிக்க வாய்பாட்டு முறைதான் கைவந்தது. சேர்க்கை, பிரிகை, ஒற்றை இடப்பெயர்ச்சி, இரட்டை இடப்பெயர்ச்சி என்று தாக்கங்களைப் பிரித்து, இரட்டை என்றால் சோடியை மாற்றி எழுது என்று சொல்லிவிடுவார்கள். பரீட்சைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது இது உதவும், மறுக்கவில்லை. சோடியம் குளோரைட்டும் வெள்ளி நைத்திரேற்றும் கொடுத்தால் பிள்ளை சரியாக எழுதிவிடும். வெள்ளி நைத்திரேற்றுக்குப் பதில் பொற்றாசியம் நைத்திரேற்றைக் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் சோடியை மாற்றி இரண்டு விளைபொருள் எழுதும். உண்மையில் அங்கே தாக்கமே இல்லை. நாலு அயன்களும் (மின்னேற்றமுள்ள துணிக்கைகள்) நீரில் அப்படியே இருக்கும். ‘ஒன்றும் நடக்காது’ என்ற விடைக்கு வாய்பாட்டில் இடமே கிடையாது.

அயன் முறையில் முதல் வேலை, முகவையில் என்னென்ன இருக்கின்றன என்று பட்டியல் போடுவது. அப்புறம்தான் கேள்வி: எவை சேர்ந்தால் வீழ்படிவோ (கரையாமல் படியும் திண்மம்) நீரோ வாயுவோ வரும்? எது இலத்திரனைக் கொடுக்கும்? செப்பு சல்பேற்றுக் கரைசலில் சோடியத்தைப் போட்டால் என்ன ஆகும்? தாக்கவீதத் தொடரை (உலோகங்களைத் தாக்கும் வேகப்படி அடுக்கிய வரிசை) மட்டும் பார்த்த பிள்ளை செம்பு வெளியேறும் என்று எழுதும். பட்டியலில் நீரையும் எழுதிய பிள்ளைக்கு, சோடியம் நீரோடு தாக்கி ஐதரசன் வெளிவரும், உண்டாகும் ஐதரொட்சைட்டு செப்பு அயனோடு சேர்ந்து நீல வீழ்படிவு தரும் என்று புரியும். (இது தாளில் மட்டும், வகுப்பில் செய்யவே வேண்டாம்.) உயர்தரத்துக்குப் போனால் 2-புரோமோபுரொப்பேனுக்கு நீரில் கரைத்த பொற்றாசியம் ஐதரொட்சைட்டு சேர்த்தால் முக்கியமாக அற்ககோல், அதையே அற்ககோலில் கரைத்துச் சூடாக்கினால் புரொப்பீன். நிபந்தனையைப் பார்க்கப் பழகாத பிள்ளை அங்கே திணறும். இந்த முறையில் ஒரு சிரமம், அயன்களின் ஏற்றமும் கரைதிறன் விதிகளும் மனப்பாடமாக வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும்.

மூன்றாவது, எழுதிவிட்டுச் செய்து பார்ப்பது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வசதி குறைந்த படுவான்கரைப் பள்ளிக்கூடத்திலும் ஒரு இரும்பாணியும் கொஞ்சம் செப்பு சல்பேற்றும் போதும். ஆணியைப் போடமுன் ஒவ்வொருவரும் கொப்பியில் எழுதட்டும்: நிறம் மாறுமா, ஆணியில் என்ன படியும்? சற்று நேரத்தில் ஆணியில் செந்நிறம் படியும், போகப் போக நீலம் மங்கும். அடுத்து செப்புக் கம்பியை நாக சல்பேற்றுக் கரைசலில் போடச் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் பார்த்தாலும் மாற்றமில்லை. ஆனால் பாடத்திட்டத்தில் உள்ள எல்லாத் தாக்கத்தையும் இப்படிக் காட்ட முடியாது.

என் தெரிவு அயன் முறை. தொடக்கம் ஆணியோடு இருக்கட்டும். வாய்பாடு கடைசியில், விரைவாக எழுத மட்டும். எந்த முறை என்றாலும், கொடுக்கும் பயிற்சியில் மூன்றில் ஒரு கேள்வியாவது தாக்கம் நடக்காததாக இருக்க வேண்டும்.