நாலாயிரம் ரூபாய் டயர்: பாளை வெயிலுக்கும் குற்றாலச் சாரலுக்கும்

வெயிலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மழையில் மட்டும் முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் நடுவே வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு இடம் விட்டு ஓட்ட வேண்டும். விலை குறைந்த டயரைப் பற்றி ஒரே வரியில் கேட்டால் என் பதில் இதுதான். ஆனால் நம்ம ஊரில் காலையில் பாளையங்கோட்டையில் மண்டையைப் பிளக்கும் வெயிலில் கிளம்பி ஒன்றரை மணி நேரத்தில் தென்காசி தாண்டிச் சாரலுக்குள் நுழைகிறவர்கள் நிறைய பேர், அவர்களுக்கு ஒரு வரி போதாது என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

வண்டி டிசையர், பெட்ரோல். டயர் அளவு 165/80 ஆர் 14, அதற்குப் பக்கத்தில் 85 டி என்று போட்டிருக்கும். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும், டி என்றால் மணிக்கு 190 கி.மீ. வரை போகலாம். நம்ம ரோட்டில் அந்த 190-ஐ யாரும் சோதித்துப் பார்க்கப் போவதில்லை, ஆனால் எடையைப் பார்க்க வேண்டும், கல்யாண சீசனில் ஐந்து பேர், டிக்கி நிறைய சீர்வரிசை என்று நாம் ஏற்றுகிற ஏற்றுக்கு அதுதான் முக்கியம். ஓட்டம் பெரும்பாலும் தென்காசி ரோடு, இடையிடையே நாகர்கோவில், மற்றபடி ஜங்ஷன், டவுன், வண்ணார்பேட்டை என்று ஊருக்குள்.

வாங்கியது உள்நாட்டுக் கம்பெனி ஒன்றின் விலை குறைந்த ரகம், டயர் ஒன்றுக்கு நாலாயிரத்தைச் சுற்றி. கம்பெனி பேரைச் சொல்லவில்லை. இந்த விலையில் கடையில் கிடக்கிற டயர்கள் எல்லாமே டாக்ஸிக்காரர்களை மனதில் வைத்துச் செய்த 'நிறைய ஓடும்' ரகம்தான், குணமும் ஏறக்குறைய ஒன்றுதான், ஒருத்தரை மட்டும் இழுத்துவிடுவது நியாயமில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது, அதனால் பில்லில் எந்த சதவீதம் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அப்புறம் கங்கைகொண்டான் சிப்காட்டில் டயர் ஃபேக்டரி இருக்கே, உள்ளூர் டயர் என்று விலை குறைத்துத் தர மாட்டார்களா என்று என் சித்தப்பா கேட்டார். அங்கே செய்வது டிராக்டருக்கும் காட்டு வேலை வண்டிகளுக்கும் போடுகிற பெரிய டயர், நம்ம காருக்கு ஆகாது.

சரி, வெயில் கதைக்கு வருகிறேன். நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு என்று 44-ஆம் நம்பர் நெடுஞ்சாலையில் நட்ட நடு மத்தியானம் ஓட்டியிருக்கிறேன். நேராகப் போகிறது, பிரேக் போட்டால் நிற்கிறது, ஸ்டீயரிங் லேசாகத்தான் இருக்கிறது. ஆடி மாதத்தில் பணகுடி தாண்டி அடிக்கிற குறுக்குக் காற்றில் வண்டி கொஞ்சம் அலைகிறது, அது டயரின் குற்றமில்லை, உயரமான பக்கச் சுவர் உள்ள 80 அளவு டயர் எதைப் போட்டாலும் அப்படித்தான். சத்தம் உண்டு. புது தார் ரோட்டில் தெரியாது, கரடுமுரடான பழைய ரோட்டில் அறுபதைத் தாண்டினால் ஒரு ஊங்காரம் கேட்கும், பாட்டு போட்டால் கேட்காது. தேய்மானத்தில்தான் இந்த ரகம் காசுக்கு மேலேயே தருகிறது. முப்பதாயிரம் கி.மீ. தாண்டியும் டயர் மேல் வெட்டியிருக்கிற பள்ளம் பாதிக்கு மேல் இருக்கிறது. லட்சம் ஓடும் என்று விளம்பரத்தில் சொல்வதை நான் நம்பவில்லை, ஆனாலும் அறுபதாயிரம் ஓடினால் ஆச்சரியப்பட மாட்டேன்.

வெயிலில் கவனிக்க வேண்டியது காற்று. பத்து டிகிரி சூடு ஏறினால் டயருக்குள் காற்றழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும், அதனால் ஓடிச் சூடான டயரில் அளந்துவிட்டு "கூடுதலாக இருக்கு" என்று இறக்கினால் மறுநாள் காலையில் குறைவாக நிற்கும். குறைந்த காற்றோடு வெயிலில் நூறில் போவதுதான் டயர் வெடிப்பதற்குப் பெரிய காரணம், பக்கச் சுவர் மடங்கி மடங்கி உள்ளே சூடு ஏறுகிறது. காலையில் கிளம்பும் முன்னால் அளக்க வேண்டும். எவ்வளவு என்பது டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். நைட்ரஜன் அடித்தால் ஏறாது என்று பெட்ரோல் பங்கில் சொல்வார்கள், சும்மா அடிக்கிற காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், இலவசமாகக் கிடைத்தால் அடித்துக்கொள்ளுங்கள்.

முள்ளைச் சொல்லாமல் விட முடியாது. ராதாபுரம், நாங்குநேரி பக்கம் ரோட்டோரமாக வண்டியை இறக்கினால் சீமைக் கருவேல முள் காத்திருக்கும். ரோட்டைத் தொடுகிற பக்கத்தில் ரப்பர் கெட்டியாக இருப்பதால் இந்த டயர் அங்கே பரவாயில்லை, பக்கச் சுவரில் ஏறினால் தொலைந்தது, அங்கே பஞ்சர் ஒட்டக் கூடாது, ஒட்டித் தருகிறேன் என்று சொல்கிற கடைக்காரரையும் நம்பக் கூடாது. அதே போல பிசான அறுப்பு சமயத்தில் சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி ரோட்டில் பாதிக்கு வைக்கோலும் நெல்லும் கிடக்கும், திசையன்விளையிலிருந்து உவரிப் பக்கம் போனால் தேரி மணல் தார்மேல் படர்ந்திருக்கும். இந்த இரண்டிலும் எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கின டயரும் வழுக்கும், விலையைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

மழைக்கு வருவோம், இந்த டயரின் சாயம் வெளுப்பது இங்கேதான். காரணம் சிம்பிள். நிறைய ஓட வேண்டும் என்றால் ரப்பர் கெட்டியாக இருக்க வேண்டும், ஈர ரோட்டைப் பிடிக்க வேண்டும் என்றால் ரப்பர் மிருதுவாக ரோட்டின் சொரசொரப்புக்குள் இறங்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கொண்டுவர சிலிக்கா கலந்த ரப்பர் வேண்டும், அதற்குச் செலவு அதிகம். நாலாயிரத்தில் கம்பெனிக்காரன் எதை விட்டுக்கொடுப்பான்? ஓட்டத்தைப் பார்த்துத்தான் நாம் வாங்குகிறோம், ஆக ஈரப் பிடிப்பைத்தான் விட்டுக்கொடுப்பான்.

ரொம்ப மோசம் முதல் மழை. மாதக்கணக்கில் மழை இல்லாமல் ரோட்டில் எண்ணெய், டயர் தூள், மண் எல்லாம் படிந்து கிடக்கும், ஐப்பசி முதல் தூறல் அதைக் கழுவாமல் வெறுமனே நனைத்துவிட்டுப் போகும். அப்போது வண்ணார்பேட்டை மேம்பாலத்து இறக்கத்தில் நாற்பது வேகத்தில் பிரேக்கை மிதித்ததற்கே, சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுக்கிற ஏபிஎஸ் கடகடவென்று வேலை செய்தது. பழைய டயரில், அதுவும் நன்றாகத் தேய்ந்த பிறகுதான், அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். அரை மணி நேரம் நன்றாக அடித்துப் பெய்த பிறகு ரோடு கழுவப்பட்டுவிடும், பிடிப்பும் ஓரளவு திரும்பிவிடும். குற்றாலச் சாரலில் அந்த வசதி இல்லை. ஆனி, ஆடியில் நாள் முழுக்கப் பிசுபிசுவென்று தூறும், கழுவவும் செய்யாது, காயவும் விடாது. ஐந்தருவி ரோட்டு வளைவுகளில் முன் சக்கரம் நாம் திருப்பியதைவிடக் கொஞ்சம் அகலமாகப் போகிறது. பயப்படுகிற அளவுக்கு இல்லை, வேகத்தைக் குறைத்தால் கேட்கிறது.

தேங்கிய தண்ணீர் வேறு விஷயம். ஆலங்குளம், பாவூர்சத்திரம் ரோடு நாலு வழியான பிறகு எல்லோரும் எண்பது, தொண்ணூறில் போகிறார்கள், ஓரத்தில் தண்ணீர் நிற்கிற இடத்தில் அந்த வேகத்தில் ஏறினால் டயர் தண்ணீர்மேல் மிதந்து ஸ்டீயரிங் திடீரென்று காற்றில் சுற்றுகிற மாதிரி ஆகிவிடும். இதில் ரப்பரைவிடப் பள்ளத்தின் ஆழமும் காற்றும்தான் கணக்கு. புது டயரில் பள்ளம் 7, 8 மில்லிமீட்டர் இருக்கும், தண்ணீரை வெளியே தள்ளும், அதனால் புதிதில் இந்த டயர் இந்த விஷயத்தில் மட்டும் விலை கூடியதற்குச் சளைத்ததில்லை. பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடு வைத்திருப்பார்கள், 1.6 மில்லிமீட்டர், தேய்மானம் அந்த மேட்டைத் தொட்டால் சட்டப்படி டயர் முடிந்தது. மழைக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம், 3 வந்தாலே மாற்றிவிடலாம். சிக்கல் என்னவென்றால் கெட்டி ரப்பர் டயர் 3-க்கு வருவதற்குள் ஐந்து வருஷம் ஓடிவிடும், அதற்குள் வெயிலில் காய்ந்து இன்னும் கெட்டியாகிவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மாதிரி பெய்தால், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அன்றைக்கு டயர் பேச்சே கிடையாது, வண்டியை மேட்டில் நிறுத்திவிட்டு வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்றும் கேட்டேன். ஜங்ஷனில் கால் டாக்ஸி ஓட்டுகிற அண்ணன் ஒருத்தர் வருஷக்கணக்காக இந்த ரகத்தைத்தான் போடுகிறார். "எனக்குக் கிலோமீட்டருக்கு என்ன செலவுங்கதுதான் அண்ணாச்சி கணக்கு. மழைன்னா நாப்பதுல போவேன், அவசரம்னா வேற வண்டியில ஏறிக்கிடட்டும்" என்றார். ஊருக்குள்ளேயே ஓடுகிறவருக்கு அது நியாயமான கணக்கு. செங்கோட்டை வழியாகப் புனலூர், கொல்லம் போகிற டிராவல்ஸ் டிரைவர் அதற்கு நேர் எதிர். "ஆரியங்காவு இறக்கத்துல இந்த டயரப் போட்டுட்டு சடக்குன்னு பிரேக்க மிதிச்சுப் பாரும் வே, வண்டி நீரு சொன்ன பக்கமா போவுது?" அவர் ஒரு டயருக்கு ஆயிரத்து ஐநூறு கூடுதலாகக் கொடுத்து மிருதுவான ரகம் போட்டிருக்கிறார், நாற்பதாயிரத்திலேயே தேய்ந்துவிடுகிறதாம், அதைப் பற்றி அவருக்குப் புகார் இல்லை. மருந்துக் கம்பெனி பிரதிநிதி ஒருத்தர் முன்னால் இரண்டு நல்லது, பின்னால் இரண்டு மலிவு என்று கலந்து போட்டிருக்கிறார். இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். பின் சக்கரத்துக்கு ஈரத்தில் பிடிப்பு விட்டால் வண்டி அப்படியே சுற்றிக்கொள்ளும், முன் சக்கரம் வழுக்கினாலாவது காலை எடுத்து வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். இரண்டு மட்டும் புதிதாக வாங்கினால் அந்த இரண்டும் பின்னால்தான் போக வேண்டும். முன் டயர்தானே சீக்கிரம் தேய்கிறது என்று கடையில் முன்னாலேயே மாட்டப் பார்ப்பார்கள், நின்று சொல்லி மாற்றச் சொல்லுங்கள்.

கடைக்குப் போனால் நட்சத்திரம் ஒட்டிய டயரைக் காட்டி "ஃபைவ் ஸ்டார் சார்" என்பார்கள். ஃபிரிட்ஜில் இருக்கிற மாதிரி அது எரிபொருள் மிச்சத்துக்கான நட்சத்திரம், டயர் எவ்வளவு லேசாக உருளுகிறது என்பதற்கு. மழைப் பிடிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஈரப் பிடிப்புக்குக் குறைந்தபட்ச அளவு வைத்து 2022-ல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விதி கொண்டுவந்தது, ஆகவே டயர் பாஸ் ஆனதுதான். 35 வாங்கினாரா 90 வாங்கினாரா என்பது மட்டும் டயரில் எழுதியிருக்காது. ஐரோப்பாவில் ஏ முதல் இ வரை எழுத்துப் போட்டு ஒட்டியே விற்கிறார்கள், இங்கேயும் வந்தால் இந்த மாதிரி நீட்டி எழுதுகிற வேலை மிச்சம்.

பட்ஜெட் இன்னும் குறைவு என்றால் செகண்ட் ஹேண்ட் பக்கம் போவார்கள். புது வண்டி வாங்கிய கையோடு பெரிய சக்கரம் மாட்டுகிற பையன்கள் கழற்றிக் கொடுக்கிற டயர் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள், நல்ல கம்பெனி டயர் பாதி விலையில். பக்கச் சுவரில் டிஓடி என்று தொடங்குகிற வரிசையின் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள், 2325 என்றால் 2025-ன் 23-ஆவது வாரம் செய்தது. தேய்ந்த டயரில் சூட்டுக் கத்தியால் புதிதாகப் பள்ளம் வெட்டிக் கறுப்பு மை பூசி வைத்திருப்பதும் உண்டு, பள்ளத்துக்குள் அந்த 1.6 மேடு இல்லை என்றால் கையை எடுத்துவிடுங்கள்.

பாளை, டவுன், தூத்துக்குடி, நாகர்கோவில் நெடுஞ்சாலை என்று ஓட்டுகிறவர்களுக்கு இந்த நாலாயிரம் ரூபாய் டயர் போதும், ஐந்துக்கு நாலு கொடுப்பேன். வாராவாரம் செங்கோட்டை, குற்றாலம், மலை ரோடு என்றால் ஐந்துக்கு இரண்டு. எனக்கு இரண்டும் உண்டு, தென்காசிப் போக்குவரத்து கூடிக்கொண்டே போகிறது, ஆகையால் அடுத்தது அந்த ஐயாயிரத்து ஐநூறு ரகம்தான்.

நாலு டயர் மாற்றுகிற அன்றைக்கு ஸ்டெப்னியை வெளியே எடுத்துப் பாருங்கள். வண்டி வாங்கிய நாளிலிருந்து டிக்கிக்குள்ளேயே கிடக்கும், பள்ளம் புதுசு மாதிரி இருக்கும், ரப்பர் மட்டும் வெடித்திருக்கும். கழற்றின நாலில் தேதி நல்லதாக உள்ள ஒன்றை அதற்கு மாட்டிவிட்டு மீதியை எடைக்குப் போடலாம், வால்வு நாலையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள், சில்லறைக் காசுதான் ஆகும்.