டிசிஇயா, வீட்டாவா? பெரியவங்களுக்கு ஃப்ரீயா டேக்ஸ் போட்டுக் குடுக்க எந்த கிராண்ட் கேக்கலாம்

அமெரிக்கால வயசானவங்களுக்கு காசு வாங்காம டேக்ஸ் ரிட்டர்ன் போட்டுக் குடுக்கற சின்ன சின்ன அமைப்புங்க எல்லாம் ஒரு கட்டத்துல இந்த கேள்வில வந்து நிக்கும், ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) கிட்ட டிசிஇ (Tax Counseling for the Elderly) கிராண்ட், அதாவது நிதியுதவி, கேக்கறதா இல்ல வீட்டா (Volunteer Income Tax Assistance) கிராண்ட் கேக்கறதான்னு. ரெண்டையும் எப்பவும் சேத்தே சொல்றதால ரெண்டும் ஒண்ணுதான்னு நிறைய பேர் நினைக்கறாங்க. ஒண்ணே இல்ல.

டிசிஇ 1978 ரெவின்யூ சட்டத்துல வந்தது, 60 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்களுக்குன்னே போட்டது. வீட்டா திட்டம் அதுக்கு முன்னாடியே 1969ல ஆரம்பிச்சது, ஆனா அதுக்கு கிராண்ட்னு ஒண்ணு வந்தது 2007 டிசம்பர்லதான், 2019ல டேக்ஸ்பேயர் ஃபர்ஸ்ட் சட்டம் அத நிரந்தரமாக்கிடுச்சு. வீட்டா வயசப் பாக்காது, வருமானத்தப் பாக்கும் (சமீபமா ஏறக்குறைய 67,000 டாலருக்குள்ள), கூடவே மாற்றுத்திறனாளிங்க, இங்கிலீஷ் சரளமா வராதவங்க.

ஆனா முடிவு பண்ண வேண்டியது வயசையோ வருமானத்தையோ வெச்சு இல்லங்க, உங்க காசு எங்க போகுதுன்னு பாத்து. டிசிஇ காசு முக்கியமா வாலண்டியரோட கைச்செலவுக்கு, அதாவது வந்து போற பெட்ரோல், மத்தியான சாப்பாடு இந்த மாதிரி. சின்ன விஷயமா தெரியும், ஆனா ரிட்டயர் ஆன ஒரு டீச்சர் வாரத்துல மூணு நாள் தன் சொந்தக் காரை ஓட்டிட்டு வந்து லைப்ரரி மூலைல உக்காந்து பென்ஷன் 1099-ஆர் பேப்பரையும் சோஷியல் செக்யூரிட்டி பேப்பரையும் பொறுமையா பிரிச்சுப் பாக்கறாங்கன்னா, அவங்க கைக்காசு கரையாம பாத்துக்கறதுதான் அடுத்த வருஷமும் அவங்கள வர வைக்கும், இத நான் கண்ணால பாத்திருக்கேன். வீட்டால கோஆர்டினேட்டர் சம்பளம், கம்ப்யூட்டர், கிராமப்புறத்துக்குப் போற வண்டிச் செலவு, ஊருக்குள்ள தகவல் சொல்ற வேலை எல்லாத்துக்கும் வழி இருக்கு.

அடுத்தது மேட்ச். வீட்டால ஐஆர்எஸ் ஒரு டாலர் குடுத்தா நீங்களும் ஒரு டாலர் காட்டணும். இதக் கேட்டதுமே பாதி பேர் பயந்து ஒதுங்கிடறாங்க, அவ்ளோ பயம் வேண்டாம், வாலண்டியர் உழைக்கற நேரத்தையும் இனாமா கிடைச்ச இடத்தையும் மதிப்பு போட்டு கணக்குல சேக்கலாம், ஆனா ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எழுத்துல ஆதாரம் வெச்சிருக்கணும். டிசிஇல மேட்சே கிடையாது. அதே சமயம் ஊராட்சி, கவுண்டி மாதிரி அரசு அமைப்புங்க டிசிஇ கேக்க முடியாது, வரிச் சட்டம் 501ம் பிரிவுல வரிவிலக்கு இருக்கற அமைப்புங்க மட்டும்தான். வீட்டாக்கு அரசு அமைப்புங்களும் அப்ளை பண்ணலாம்.

ரிட்டயர் ஆனவங்களே வாலண்டியரா இருந்து, வர்றவங்களும் பெரியவங்களாவே இருந்தா, என் ஓட்டு டிசிஇக்குத்தான். சம்பளத்துக்கு ஒரு ஆள் இல்லாம சைட் (டேக்ஸ் போட்டுக் குடுக்கற இடம்) நடக்காதுங்கற நிலைமைன்னா வீட்டாதான் தாங்கும். ரெண்டையும் கேக்கலாம், ஆனா ஒரே செலவ ரெண்டு பக்கமும் காட்டக் கூடாது. எல்ஐடிசின்னு (Low Income Taxpayer Clinic) மூணாவதா ஒண்ணு இருக்கு, அது ஐஆர்எஸோட தகராறு வந்தவங்களுக்கு, ரிட்டர்ன் போடற வேலைக்கு அத எதிர்பாக்காதீங்க.

இன்னொண்ணு, கிராண்ட் இல்லாமலும் ஐஆர்எஸ் பார்ட்னரா சேந்து சைட் நடத்தலாம், சாஃப்ட்வேரும் ட்ரெய்னிங்கும் அவங்களே குடுக்கறாங்க. டிசிஇல இன்னிக்கு பெரிய ஆளா இருக்கற ஏஏஆர்பி டேக்ஸ்-எய்ட் (ஏஏஆர்பிங்கற பெரியவங்க அமைப்பு நடத்தறது) 1968ல வெறும் நாலு வாலண்டியரோட ஆரம்பிச்சதுதான். மொத வருஷம் அப்படி நடத்திப் பாத்து, எத்தன ரிட்டர்ன் போட முடியுதுன்னு கைல ஒரு நம்பர் வந்தப்புறம் அப்ளை பண்றது நல்லதுன்னு நினைக்கறேன், அதுவும் இப்ப 65 வயசும் அதுக்கு மேலயும் ஆனவங்களுக்கு 2025லேர்ந்து 2028 வரைக்கும் வரி போடற வருமானத்துல 6,000 டாலர் வரைக்கும் கூடுதல் கழிவு வந்திருக்கு, அதக் கேட்டு நிறைய பேர் வருவாங்க.

அப்ளை பண்ற நேரம் வழக்கமா மே மாசம். அதுக்கு சாம் டாட் கவ்ங்கற (sam.gov) அரசு வெப்சைட்ல பதிவு வேணும், அது ஒரே நாள்ல முடியாது, வாரக்கணக்குல இழுக்கும். பிப்ரவரி, மார்ச்ல சைட்ல மூச்சு விடக்கூட நேரம் இருக்காது, அதனால பதிவ டிசம்பர்லயே முடிச்சு வெச்சுடுங்க.