ஸ்விட்ச் 2, பிளேஸ்டேஷன் 5, ஸ்டீம் டெக்: திருகோணமலை வீட்டுக்கு எது?

கையிலும் டிவியிலும் விளையாடும் கேம் கன்சோலான நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 வெளிவந்தது 2025 ஜூன் 5இல். செப்டெம்பர் முடிவதற்குள் ஒரு கோடியைத் தாண்டி விற்றுவிட்டது. எல்லாரையும் கவர்ந்துவிட்டது என்பதற்கு அது மட்டும் சாட்சியாகாது. முதல் ஸ்விட்ச் 15 கோடிக்கு மேல் விற்றது. அதை வாங்கியவர்களில் பதினைந்து பேருக்கு ஒருவர் புதியதை வாங்கினாலே இந்தக் கணக்கு வந்துவிடும். பழைய கேம் கார்ட்களில் பெரும்பாலானவை இதிலும் ஓடுவதால் அவர்களுக்கு யோசிக்க அதிகம் இல்லை. நிண்டெண்டோவின் மரியோவையே அறியாத வீட்டில்தான் கேள்வி எழுகிறது.

அந்த வீட்டில் பையன்கள் கேட்பது பந்தும் மட்டையும் என்றால் பிளேஸ்டேஷன் 5தான், அதுவும் டிஸ்க் போடும் மொடல். எஃப்சி 26 என்ற உதைபந்தாட்டக் கேம் ஸ்விட்ச் 2, பிளேஸ்டேஷன் 5 இரண்டிலும் உண்டு. ஆனால் அதிரடிக் கேமான ஜிடிஏ 6 அறிவிக்கப்பட்டிருப்பது பிளேஸ்டேஷன் 5க்கும் எக்ஸ்பொக்ஸ் சீரிஸுக்கும் மட்டுமே. டிஸ்க்கை விளையாடி முடித்துக் கைமாற்றலாம். பழையவை விலை இறங்கும். நிண்டெண்டோவின் சொந்தக் கேம்கள் ஆண்டுக்கணக்கில் பெரும்பாலும் விலை இறங்குவதில்லை. 2025இல் வெளிவந்தபோது அமெரிக்க விலையில் மரியோ கார்ட் வேர்ல்ட் கேம் 79.99 டொலர்; கன்சோலே 449.99 டொலர். இதைக் கூட்டிப் பார்க்காமல் ஸ்விட்ச் 2 மலிவு என்று நினைப்பது தவறு.

ஸ்விட்ச் 2 வெல்லும் இடம் வேறு. கரண்ட் போனால் பிளேஸ்டேஷன் அந்த நொடியே அணையும். திரும்ப ஏற்றும்போது சேமிப்பகத்தைச் சரிபார்க்க நேரம் எடுக்கும். பெரிய கேம்களில் அது 200 வாட் அளவுக்கு இழுப்பதால் சிறிய யூபிஎஸ் சில நிமிடம்தான் தாங்கும். ஸ்விட்ச் 2ஐ டிவியோடு இணைக்கும் டொக்கிலிருந்து உருவி எடுத்து, கேமைப் பொறுத்து 2 முதல் 6.5 மணி நேரம் வரை தொடரலாம். பெட்டிக்குள் வரும் ஜோய்-கொன் என்ற கைக் கட்டுப்படுத்திகள் இரண்டையும் பிரித்தால், பல கேம்களில் இரண்டு பேர் உடனே விளையாடலாம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு, ரசிகராக இல்லாவிட்டாலும், நாங்கள் இதையே சொல்வோம்.

இணையம் ரூட்டர் டேட்டாவில் ஓடுகிறது என்றால் கவனம். சில ஸ்விட்ச் 2 கார்ட்களில் கேமே இருக்காது, திறப்பு (சாவி) மட்டும்தான். முழுவதையும் இறக்க வேண்டும், பிறகும் விளையாடும்போது கார்ட் செருகியிருக்க வேண்டும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 அப்படித்தான். சைபர்பங்க் 2077 முழுவதும் 64 ஜிபி கார்ட்டிலேயே இருக்கிறது. கவரின் முன்பக்க அடியில் சாவிப் படம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். உள்ளே இருப்பது 256 ஜிபி. கூட்டுவதற்கு மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் கார்ட் வேண்டும். ஃபோனில் இருக்கும் சாதாரணக் கார்ட்டில் கேம் ஏறாது.

கணினி கேம்களைக் கையில் வைத்து விளையாடும் ஸ்டீம் டெக்கில் சாதாரணக் கார்ட்டே போதும், ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையின் தள்ளுபடிகளும் தாராளம். ஆனால் எஃப்சி 26, ஃபோர்ட்நைட் இரண்டும் அதன் சொந்த இயங்குதளத்தில் ஓடாது. ஏற்கெனவே ஸ்டீமில் கேம் சேர்த்திருப்பவருக்கே அது ஏற்றது.

ஜப்பானிலிருந்து மலிவாக வரும் ஸ்விட்ச் 2இல் ஒரு பொறி உண்டு. 2025இல் 49,980 யென்னுக்கு வெளிவந்த ஜப்பான் மொடலில் ஜப்பானிய மொழி மட்டுமே. ஜப்பான் கணக்கைத் தவிர வேறு கணக்கு இணையாது. கன்சோலின் மெனு மொழியை மாற்றிக் காட்டச் சொல்லாமல் வாங்காதீர்கள். தட்டை முள் சார்ஜர் 100–240 வோல்ட்டுக்கானது, முள்ளை மாற்றும் அடாப்டர் போட்டால் போதும். ஸ்விட்ச் 2ஐக் கையில் வைத்திருக்கும்போது சாதாரண ஃபோன் சார்ஜர் மின்னேற்றும், டொக்கை ஓட்டாது. அதற்கு 60 வாட் வேண்டும்.

ஸ்விட்ச் 2க்கு நிண்டெண்டோ சொல்லும் சூழல் வெப்பம் 5 முதல் 35 பாகை. கச்சான் காற்று வீசும் ஜூன், ஜூலையில் இங்கே சில நாள் பகல் அதைத் தாண்டும். டொக்கைக் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டாமல், சுவரிலிருந்து ஒரு சாண் விலக்கி வையுங்கள். உப்புவெளிக் கடற்கரைக்குக் கொண்டுபோனால் மணல் ஜோய்ஸ்டிக்குக்குள் இறங்கும், உப்பு ஈரம் சார்ஜ் துளையை அரிக்கும். துளை ஈரமாக இருக்கும்போது வயரைச் செருகவே கூடாது.